திருகோணமலையிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக எந்த மிருகக்காட்சிசாலை நல்லது, தெகிவளையா பின்னவலையா?

பின்னவலைதான். ஆனால் நான் சொல்வது யானைகள் ஆற்றில் குளிக்கிற சரணாலயத்தை அல்ல. அது 1975இல் தொடங்கியது, எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குக் கிட்டவே 2015இல் திறக்கப்பட்ட மிருகக்காட்சிசாலை ஒன்று இருக்கிறது, நம் நாட்டு விலங்குகளை மையமாக வைத்தே அதை அமைத்தார்கள்.

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற தெகிவளை கூடாது என்று சொல்ல வரவில்லை. ஜோன் ஹேகன்பெக் என்ற விலங்கு வியாபாரி தொடங்கி, 1936இல் அரசாங்கம் எடுத்த இடம் அது, உலகத்து விலங்குகளைக் காட்டுவதுதான் அதன் வேலை. நம் பிள்ளைகளுக்குச் சிங்கமும் புலியும் கார்ட்டூனிலேயே நன்றாகத் தெரியும். என் மகள் கந்தளாய்க் காட்டில் புலி இருக்கிறதா என்று கேட்டாள், எறும்பு தின்னும் அழுங்கு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. இது அவள் பிழை இல்லை, நாம்தான் காட்டிக் கொடுக்கவில்லை.

பின்னவலையில் சிறுத்தையிடம் நிறைய நேரம் நில்லுங்கள். இலங்கைச் சிறுத்தை ஒரு தனி உள்ளினம், வேறெந்த நாட்டுக் காட்டிலும் கிடையாது. சிங்கமும் புலியும் இல்லாத தீவு என்பதால் இங்கே காட்டுக்கு அதுதான் ராஜா. ஆப்பிரிக்காவில் சிறுத்தை தன் இரையைச் சிங்கமும் கழுதைப்புலியும் பறித்துவிடும் என்று மரத்தில் ஏற்றி வைக்கும், நம்முடையது பெரும்பாலும் தரையிலேயே இருந்து சாப்பிடும். இதைக் கூண்டுக்கு முன்னால் நின்று சொன்னால் பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்பார்கள், பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், போவதற்கு முதல் ஒரு பின்னேரம் திருகோணமலையிலேயே இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப் போய் அங்குள்ள புள்ளிமான்களைக் காட்டுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் பார்ப்பதால் நமக்கு அவை ஆடுமாடு மாதிரி ஆகிவிட்டன. தயவுசெய்து பிஸ்கட், மிச்சச் சாப்பாடு எதையும் கொடுக்க விடாதீர்கள், அதிலும் பையோடு எறிவதை நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்காது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் சேர்ந்தால் வெளியே வராது, வயிறு நிறைந்த மாதிரி இருந்தபடியே பட்டினியில் சாகும். இதை ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கச் சொல்லலாம், விளங்கினால் அடுத்தமுறை அதுவே பெரியவர்களைத் தடுக்கும்.

கந்தளாய்–ஹபறணை வீதியில் யானை நின்றால் வாகனத்தைத் தள்ளியே வையுங்கள். பழம் எறிந்து பழக்கினால் அவை வீதியிலேயே காத்து நிற்கத் தொடங்கும், அப்புறம் அடிபடுவது யானையோ மனிதரோ.

பயணத்தைப் பொறுத்தவரை, சின்னப் பிள்ளைகளோடு அன்றே போய்த் திரும்புவது கஷ்டம். முதல்நாள் குருநாகலில் தங்கிவிட்டு, காலையில் திறக்கும் நேரத்துக்கே உள்ளே போங்கள். வெயில் ஏறினால் சிறுத்தை நிழலில் படுத்துவிடும், எழுந்து நடப்பதைப் பார்க்கக் காலைதான் தோது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், நடக்க நிறைய இருக்கிறது.