மலாவிக்குப் போகும் தங்கச்சிக்குக் கோழி பற்றி

கேள்வி: விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு தொண்டர் குழுவோடு எட்டு மாதத்துக்கு ஆபிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போகிறேன். அங்கே சின்னதாகக் கோழி வளர்ப்பு ஒன்றைத் தொடங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தரும் காசுக்கு ஒரு கூடும் 100 முட்டைக்கோழியும் வாங்கலாம். எதிலிருந்து தொடங்குவது? (வாசகி, விசுவமடு)

பதில்: முதலில் அந்த 100 முட்டைக்கோழியை மறந்துவிடுங்கள் தங்கச்சி. மீள்குடியேறி வந்த புதிதில் எங்கள் ஒழுங்கையில் வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் வீட்டுக்குப் பத்துக் குஞ்சும் வலையடித்த கூடும் ஒரு மூட்டைத் தீனும் தந்தது, நீங்களும் சின்னப்பிள்ளையாக இருந்து பார்த்திருப்பீர்கள். மூட்டை முடியும் மட்டும் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தீன் வாங்கக் காசில்லை, அவிழ்த்துவிட்டால் அதுகளுக்குக் கிளறித் தின்னத் தெரியாது, பிராந்து வந்தால் ஓடவும் தெரியாது. எங்கள் கூட்டில் கொஞ்சக் காலம் நாய் குட்டி போட்டிருந்தது, இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம். மிஞ்சினது அம்மா எங்கேயோ இருந்து சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்த ஒரு ஊர்க்கோழிப் பேடும் அதன் வழியில் வந்ததுகளும்தான்.

கணக்கையும் பாருங்கள். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 கிராம் அளவில் தின்னும், 100 கோழிக்கு 11 கிலோ, மாதத்துக்கு 330 கிலோ. அந்தத் தீனில் பெரும்பங்கு சோளம். மலாவியில் சனம் அன்றாடம் தின்னும் 'ந்சிமா' களியும் அதே சோளமாவில் கிண்டுவதுதான், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, புது விளைச்சல் வருமுன், பல வீடுகளில் அதற்கே தட்டுப்பாடு. அந்த நேரத்தில் கோழிக்கு மூட்டை மூட்டையாகச் சோளம் கொட்டினால் ஊர் உங்களை என்ன நினைக்கும்?

சரி, என்ன செய்யலாம்? அங்கே ஏற்கெனவே வளவுக்கு வளவு ஊர்க்கோழி நிற்கும். புதுக்கோழி கொண்டுபோகத் தேவையில்லை, நிற்பது சாகாமல் பார்த்தாலே போதும். அதுகளைக் கூட்டமாகக் கொல்வது நாங்கள் ராணிக்கெட் என்று சொல்கிற வருத்தம்தான். ஆங்கிலத்தில் நியூகாசில், மலாவியில் சிச்சேவா மொழியில் 'சிட்டோப்பா'. பச்சையாகக் கழியும், செட்டை தொங்கும், கழுத்து முறுகும், ஒரு கிழமைக்குள் வளவே காலி. மழைக்கு முந்தின வெக்கைக் காலத்தில், செப்டம்பர், ஒக்டோபரை ஒட்டித்தான் அங்கே அதிகம் வரும், அதனால் அதற்கு முன்பே மருந்து விட்டிருக்க வேண்டும். வந்தபிறகு விட்டுப் பயனில்லை.

இதற்கு ஐ-2 என்று ஒரு தடுப்பு மருந்து இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் உருவாக்கியது, மலாவியில் லிலொங்வேயிலுள்ள மத்திய கால்நடை ஆய்வுகூடமே தயாரிக்கிறது. மற்ற மருந்துகளைவிட வெக்கையைத் தாங்கும் என்பதால் கறண்ட் இல்லாத ஊருக்கும் ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொண்டுபோகலாம், வெயில் மட்டும் படக்கூடாது. குஞ்சோ சேவலோ, ஒரு கண்ணில் ஒரு சொட்டு, நாலு மாதத்துக்கு ஒருமுறை. விட்டவுடன் கோழியைக் கைவிட்டுவிடாதீர்கள், அது கண்ணைச் சிமிட்டிச் சொட்டு உள்ளே போகும் வரை பிடித்திருங்கள், இல்லாவிட்டால் மருந்து மண்ணுக்குத்தான். விடியப்புறம், கூடு திறக்குமுன் போக வேண்டும், திறந்துவிட்டால் பிடிக்க ஊர்ப் பிள்ளைகள் முழுக்க ஓட வேண்டும் (அவர்களுக்கு அது கொண்டாட்டம், உங்களுக்கு இல்லை). ஒரு குப்பி நூற்றுக்கு மேற்பட்ட கோழிக்குக் காணும், ஆகவே அயல் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் சேர வேண்டும். கோழிக்கு இவ்வளவு என்று சின்னக் காசாவது வாங்குங்கள். சும்மா விட்டுப் பழக்கினால் நீங்கள் விமானம் ஏறின பிறகு அடுத்த குப்பியை யார் வாங்குவது? முதல் மாதமே ஊர்ப் பெண்கள் இரண்டு பேரைக் கூடவே வைத்துப் பழக்கிவிடுங்கள். ஊர்த் தலைவருக்கு முதலில் வணக்கம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எந்தப் பேடு எங்கே அடை கிடக்கிறது என்று பெண்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடக் காசு, உப்பு, சவுக்காரம் எல்லாம் அங்கேயும் பெரும்பாலும் கோழி விற்ற காசில்தான்.

அடுத்தது குஞ்சு. பேடு 12 முட்டையில் 21 நாள் கிடந்து பத்துப் பொரித்தால், இரண்டு மாதம் கழித்து மூன்று நின்றால் பெரிய காரியம். முதல் நாலைந்து கிழமையும் அடைப்புக்குள் வைத்துத் தீன் போட்டு ஆறைக் காப்பாற்றினாலே ஒரு புதுக்கோழியும் வாங்காமல் மந்தை இரட்டிக்கும். தீனுக்கு எங்கள் அம்மம்மா செய்ததைச் செய்யுங்கள்: உடைந்த பானைக்குள் காய்ந்த சாணம், வைக்கோல், கந்தல் சாக்கு அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் ஓடும் இடத்தில் பின்னேரம் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் தூக்கித் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும், குஞ்சுகள் காலுக்குள் புகுந்து அடிபடும். புர்க்கினா பாசோ, டோகோ பக்கத்திலும் இதே வேலைதான் செய்கிறார்கள், யாரும் யாரிடமும் படிக்கவில்லை.

கூட்டுக்குச் செலவழிக்க நினைத்த காசில் மருந்து கொண்டுவர ஒரு நல்ல றெஜிபோம் பெட்டி, குஞ்சு அடைப்புக்குக் கொஞ்சம் வலை, மருந்து வாங்கப் போய்வரும் பஸ் காசு, இவ்வளவும் போதும். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் குழுவில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கேள்வி: மாரி தொடங்கினால் குஞ்சுகளின் கண்ணைச் சுற்றிக் கொப்புளம் போடுகிறதே? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: அது கோழி அம்மை, நுளம்பு கொண்டு வருகிறது. வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து நானும் பூசியிருக்கிறேன், மாறினது அதனாலா தானாகவா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பார்வை மறைந்து தீன் பொறுக்க முடியாமல்தான் பல குஞ்சு சாகிறது. உப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்துக் கண்ணைத் துடைத்து, சிரட்டையில் குழைத்த தவிட்டைச் சொண்டடியில் வையுங்கள். அடுத்த மாரிக்கு முன் மிருக வைத்தியரிடம் கேட்டுச் செட்டையில் குத்தும் தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள்.