5050 வரவேண்டிய இடத்தில் 99

அண்ணா,

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியை நானாகவே கற்றுக்கொள்கிறேன். 1 முதல் 100 வரை கூட்டச் சொல்லி ஒரு பயிற்சி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பில், எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 100) கொடுத்து, லூப்புக்குள் முதல் வரியில் மொத்தம் = 0, அடுத்த வரியில் மொத்தம் = மொத்தம் + எண் என்று எழுதினேன். லூப் முடிந்ததும் பிரிண்ட். 99 என்று வருகிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், தவறு பிடிபடவில்லை. எனக்கு இதெல்லாம் வராதோ?

அன்புள்ள தங்கைக்கு,

வரும். முதலில், மதிப்பைச் சேமித்துவைக்கும் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறீர்களே, அது மிகவும் பிடித்திருந்தது. பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

சரி, அந்த 99-ஐப் பாருங்கள். உங்கள் லூப் கடைசியாகத் தொட்ட எண் அது. அதற்கு முன்னால் கூட்டிய எதுவும் தங்கவில்லை. லெட்ஜரில் ஓப்பனிங் பேலன்ஸைப் பக்கத்தின் தலையில் ஒருமுறைதானே எழுதுவீர்கள்? ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் அதைப் பூஜ்யமாக்கினால் கடைசிப் பதிவின் தொகை மட்டும்தான் மிஞ்சும். மொத்தம் = 0 லூப்புக்குள் இருப்பதால் 99 தடவையும் அதுதான் நடக்கிறது. அந்த வரியை லூப்புக்கு மேலே கொண்டுபோய், முன்னால் இடைவெளி விடாமல் ஓரத்தோடு ஒட்டி எழுதுங்கள். எந்த வரி லூப்புக்குள், எது வெளியே என்று பைத்தான் அந்த இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது.

இப்போது 4950 வரும். 5050-க்குச் சரியாக 100 குறைகிறது. ரேஞ்ச் இரண்டாவது எண்ணைத் தொடாமல் அதற்கு முன்பே நின்றுவிடும். ரேஞ்ச்(1, 101) என்று மாற்றுங்கள், முடிந்தது.

இனி இப்படி மாட்டிக்கொண்டால் திரையை விட்டுவிட்டு நோட்டை எடுங்கள். 100 வேண்டாம், 5 வரை போதும். எண்ணுக்கு ஒரு பத்தி, மொத்தத்துக்கு ஒரு பத்தி. 1, 3, 6, 10, 15 என்று ஏறவேண்டும். உங்கள் பழைய நிரலை அதில் வரிவரியாக ஓட்டினால், இரண்டாவது சுற்றிலேயே 3 இருக்கவேண்டிய இடத்தில் 2 நிற்கும். அப்புறம் பிரிண்ட்டை லூப்புக்குள் போட்டுப் பாருங்கள். கணினியே அந்தப் பத்தியை எழுதிக்காட்டும். நான் இன்றும் இப்படித்தான் பிழை தேடுகிறேன்.

100-ஐ 101-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதுமே, லூப் எதற்கு என்று யாராவது சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் கற்பது லூப்பை. அடுத்ததாக, அதே 1 முதல் 100-க்குள் 3-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களை மட்டும் கூட்டுங்கள். நிபந்தனை பார்க்கும் ஒரு இஃப் வரி சேர்த்தால் போதும். 1683 வந்ததா என்று எழுதுங்கள்.