காக்ளியர் இம்ப்ளான்டில் மின்தூண்டலைக் குவித்தால் கூட்டத்திலும் பேச்சு புரியுமா?

ஒருவரோடு தனியாகப் பேசினால் புரிகிறது, நாலு பேர் சேர்ந்தால் எல்லாம் இரைச்சலாகிவிடுகிறது, குவித்த மின்தூண்டல் இதைச் சரிசெய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருடமாக இம்ப்ளான்டோடு, அதாவது உள்காதில் வைத்துச் செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவியோடு, இருப்பவன் நான். எனக்கும் இதே தொல்லைதான். மருத்துவன் இல்லை, படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

இயல்பான காதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் ஒலியை நரம்புக்குச் சொல்லும் வேலையை, இம்ப்ளான்டில் நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) பார்க்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. எலக்ட்ரோடு செவிநரம்பைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் உப்புத் திரவமும் எலும்புச் சுவரும் இருக்கின்றன. தண்ணீரில் விட்ட மைத்துளி போல மின்சாரம் பரவி, பக்கத்து எலக்ட்ரோடுக்கு உரிய நரம்புகளையும் சேர்த்துத் தட்டிவிடுகிறது. 2001-இல் ஃப்ரீசன் குழு வெளியிட்ட ஆய்வில், இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் இம்ப்ளான்ட் பயனாளிகளுக்கு ஏழெட்டுச் சேனல்களோடு (ஒலியைப் பிரித்துத் தரும் அலைவரிசைகள்) நின்றுவிட்டது. அதேபோலச் சேனல்களாகப் பிரித்த ஒலியைக் கேட்ட இயல்பான காது உள்ளவர்களுக்கோ 20 வரை கூடிக்கொண்டே போனது.

வழக்கமான முறையில் மின்சாரம் திரும்பிப் போகும் முனை காக்ளியாவுக்கு (உள்காதின் நத்தைச் சுருள்) வெளியே இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பரவல். குவித்த முறையில் இருபக்கத்து எலக்ட்ரோடுகளும் ஆளுக்குப் பாதியாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. மை பரவுவதற்குள் இரண்டு பக்கமும் உறிஞ்சுவது மாதிரி. ஆனால் ஒரு பகுதி ரத்தாகிவிடுவதால் அதே சத்தத்துக்கு அதிக மின்னோட்டம் வேண்டும்: பேட்டரி சீக்கிரம் தீரும், சிலருக்கு உச்சத்துக்குப் போனாலும் சத்தம் போதாது. அதனால் பக்கத்து முனைகள் ஒரு பங்கை மட்டும் வாங்கும் பகுதிக் குவிப்பும் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொரு யோசனை: மெல்லிய ஒலியைக் குவித்தும் பலத்த ஒலியைப் பரவலாகவும் தருவது. இயல்பான காதும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது.

சரி, பலன்? ஆய்வுகளில் சிலருக்குத் தெளிவு கூடியது, சிலருக்கு ஒன்றும் மாறவில்லை. காரணம் எலக்ட்ரோடில் மட்டும் இல்லை. எதிரே நரம்பு செத்துப்போன இடத்தில் எவ்வளவு குவித்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. மின்னோட்டத்தை ஏற்றினால் அது மறுபடியும் பக்கத்துக்குத்தான் பரவும். ஆகவே குவித்த தூண்டலை நான் சிகிச்சையாகப் பார்ப்பதைவிடச் சோதனைக் கருவியாகவே அதிகம் மதிக்கிறேன். ஓர் எலக்ட்ரோடில் குவித்துத் தரும்போது அசாதாரணமாக அதிக மின்னோட்டம் கேட்டால், அது நரம்பிலிருந்து விலகி இருக்கிறது அல்லது அங்கே நரம்பு குறைவு என்று சந்தேகிக்கலாம்.

என் அனுபவமும் அந்தப் பக்கம்தான். மூன்று வருடம் முன்பு மேப்பிங்கில் (ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் மின்னோட்ட அளவை அமைப்பது) ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், எனக்கு இரண்டு எலக்ட்ரோடுகளை அணைத்துவிட்டார். இருப்பதையும் பிடுங்குகிறாரே என்று முதலில் எரிச்சல் வந்தது. ஒரு மாதம் கழித்து, ‘ச’வும் ‘த’வும் குழம்புவது குறைந்திருந்தது.

குவித்த தூண்டலுக்கு, ஒரே நேரத்தில் பல எலக்ட்ரோடுகளுக்குத் தனித்தனியாக மின்னோட்டம் தரும் வசதி இம்ப்ளான்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளிக் கருவியை மட்டும் மாற்றி அதைக் கொண்டுவர முடியாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எந்த எலக்ட்ரோடுகள் ஒரே சுருதி போலக் கேட்கின்றன என்று அடுத்த மேப்பிங்கில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பழைய மேப்பை இன்னொரு புரோகிராமில் வைத்துத்தரச் சொல்ல மறக்காதீர்கள். முதல் வாரம் அது தேவைப்படும்.