தீம் மாற்றினாலும் செல் நிறம் மாறாத சிக்கல்: பதில்

எக்ஸெல் மாதிரி நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியை (பிக்கர்) எழுதும்போது செல்லில் நிறத்தையே சேமிக்காதீர்கள், அது தீமில் (கோப்பு முழுவதற்கும் பொதுவான நிறத் தொகுப்பு) எத்தனையாவது நிறம், அதை எவ்வளவு வெளுத்தோம் அல்லது கருமையாக்கினோம் என்ற இரண்டை மட்டும் சேமியுங்கள். தீமை மாற்றினால் பிக்கரின் கட்டங்கள் மாறுகின்றன, ஏற்கெனவே நிறம் கொடுத்த செல்கள் மட்டும் பழைய நீலத்திலேயே நிற்கின்றன என்கிறீர்களே, பயனர் கிளிக் செய்த நொடியிலேயே உங்கள் நிரல் அதை ஹெக்ஸ் எண்ணாக (தீமோடு தொடர்பில்லாத நிலையான நிறக் குறியீடு) மாற்றிவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

சோதித்துப் பார்க்க, ஒரு செல்லுக்கு நிறம் கொடுத்து எக்ஸெல் கோப்பாகச் சேமியுங்கள், அப்புறம் அதை ஜிப்பாகப் பெயர் மாற்றித் திறந்து, உள்ளே செல்களின் வடிவமைப்பு இருக்கும் ஸ்டைல்ஸ் கோப்பைப் பாருங்கள். தீம் எண்ணும் டின்ட்டும் (வெளுப்பு அல்லது கருமையின் அளவு) இருந்தால் சரி, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாக எழுதிய நிறம்) இருந்தால் தவறு அங்கேதான்.

வெளுப்புக் கணக்கை ஆர்ஜிபியில் போடாதீர்கள், எச்எஸ்எல்லில் (நிறத்தை நிறவகை, செறிவு, ஒளிர்வு என்று பிரிக்கும் முறை) ஒளிர்வை மட்டும் தொடுங்கள். ஒளிர்வு 0.5 என்றால் 80% வெளுப்புக்கு 0.5 × 0.2 + 0.8 = 0.9, 25% கருமைக்கு 0.5 × 0.75 = 0.375.

ஒரு எச்சரிக்கை: எக்ஸெல்லின் தீம் எண்களில் 0 என்பது வெளிர் பின்னணி, 1 என்பது கரும் எழுத்து, தீம் கோப்பிலோ கருமைதான் முதலில் வரும், அடுத்த ஜோடியும் இதே மாதிரி தலைகீழ். இதைக் கவனிக்காமல் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். பிக்கரின் கறுப்பு, வெள்ளைப் பத்திகளுக்கு மற்ற நிறங்களுக்கான 80, 60, 40 சதவீத வெளுப்புப் படிகள் ஒத்துவராது, 5, 15, 25, 35, 50 சதவீதம் என்று தனியாக வையுங்கள்.