பூமராங் உதிரிபாகம்: எண்ணைப் பாருங்கள், கதையைக் கேட்காதீர்கள்

கேள்வி: மெல்போர்னில் ஒரு தரகர், இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்திரேலியத் தயாரிப்பான பூமராங் சண்டை விமானத்தின் சக்கரத் தாங்கியை விற்கிறார். அதன்மேல் 'ஏ46-312' என்று எழுதியிருக்கிறது. ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்களை வீழ்த்திய விமானம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். பூமராங் ஒரு எதிரி விமானத்தைக்கூட வீழ்த்தியதில்லை. 1943 மே மாதம் ஆஸ்திரேலிய விமானப்படையின் 84-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் பூமராங்குகள் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை மறித்துச் சுட்டன, அவை தப்பிவிட்டன. ஜீரோ கதையெல்லாம் விலையை ஏற்றுவதற்காகக் கட்டிவிட்டது.

அதற்காகப் பூமராங்கை மட்டமாக எண்ண வேண்டாம். ஜப்பான் நெருங்கிவந்த வேளையில், வெளிநாட்டு விமானங்கள் வந்து சேருமா என்ற அச்சத்தில், மெல்போர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் விமான ஆலையில் ஃபிரெட் டேவிட் வடிவமைத்த விமானம் அது. முதலில் பறந்தது 1942 மே 29. கையிலிருந்ததைக் கொண்டே செய்தார்கள். எஞ்சின், பியூஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்துக்காக உள்நாட்டிலேயே தயாரான ட்வின் வாஸ்ப். இறக்கை, சக்கரத் தாங்கி போன்றவை விர்ராவே பயிற்சி விமானத்தின் வழிவந்தவை. அதிக உயரத்தில் திணறியது. ஆனால் நியூகினி, பூகன்வில் தீவுகளில் மர உச்சிகளை உரசுவதுபோல் தாழப் பறந்து, காட்டில் பதுங்கிய எதிரியின் இருப்பிடத்தைப் புகை போட்டுக் காட்டிக்கொடுத்தது. இந்த உண்மையான பெருமையைத் தரகர்கள் வாயே திறந்து சொல்வதில்லை.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். விர்ராவே 755 செய்தார்கள், பூமராங் 250தான். விர்ராவே சாமானைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பூமராங் என்று விற்பது எளிது. துருக்குழிக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தால் அது அண்மையில் அடித்தது.

பூமராங்குகளுக்கு விமானப்படை கொடுத்த எண்கள் ஏ46-1இல் தொடங்கி ஏ46-249இல் முடிகின்றன. 312 என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரே விலக்கு ஏ46-1001. அது போலி அல்ல. உயரத்தில் திணறும் குறையைப் போக்க எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சூப்பர்சார்ஜர் பொருத்திச் செய்த சோதனை விமானம். அந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் உருவானது. ஆகவே ஆயிரத்தொன்று என்று யாராவது காட்டினால் சிரித்துத் தள்ளிவிடாமல் நிபுணரிடம் காட்டுங்கள். ஆயிரத்திரண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு விமானத்துக்கும் விமானப்படை வைத்திருந்த அட்டைப் பதிவுகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை இருந்தும், விற்பவரிடம் ஆதாரம் கேட்க இங்கே ஆளில்லை. ஏமாந்தவர்தான் அலைய வேண்டும். இந்த லட்சணத்தில் எதைச் சொல்வது! எந்த விமானத்தின் பாகம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால், விர்ராவே பாகத்தின் விலைக்குமேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.