ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பார்வைக் குழப்பம்: ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளத் திரும்பப் பழக்கிவிடறவர்) பதில் சொல்றேன், கேளுங்க

கே: அப்பா தட்டுல இடது பக்கச் சோறு அப்படியே கிடக்கு, போதும்ங்கறார். தட்டைத் திருப்பி வச்சா மிச்சத்தையும் சாப்பிடறார். கண் டாக்டர் 6/6ன்னுட்டார்.

ப: 6/6ங்கறது நேரா பாக்கற கூர்மை மட்டும்தாங்க, பக்கவாட்டுல எவ்ளோ தெரியுதுன்னு அது சொல்லாது. இதுல ரெண்டு வகை இருக்கு. ஹெமியனோபியான்னா ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கப் பாதி தெரியாது, பழக்கிவிட்டா தலையத் திருப்பித் தேடிக்குவாங்க. நெக்லெக்ட்னா மூளை அந்தப் பக்கத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது, வலது மூளை அடிபட்டவங்களுக்குத்தான் அதிகம். ரெண்டும் சேர்ந்தும் வரும். பேப்பர்ல பெல்ஸ் டெஸ்ட் குடுப்போம், ஏகப்பட்ட படத்துக்கு நடுவுல 35 மணிப் படம் (பெல்) இருக்கும், தேடி வட்டம் போடணும், எத்தனைய விட்டார்ங்கறதோட எந்த மூலைல ஆரம்பிச்சார்னும் நான் பாப்பேன். ஆனா பேப்பர்ல பாஸாகிட்டு வீட்டுல கதவு நிலைல தோள இடிச்சுக்கறவங்க உண்டு, அதனால இடது கன்னம் சவரம் பண்றாரா, இடது கை சட்டைக்குள்ள போச்சான்னு நேர்லயே பாக்கணும். அதுக்கு கேத்தரின் பெர்ஜெகோ ஸ்கேல், 10 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3, மார்க் ஏற ஏற குறை அதிகம். பேஷண்டையும் தனியா மார்க் போடச் சொல்வோம், நாங்க 20 போட்டு அவர் 3 போட்டா தன் குறை அவருக்கே தெரியலைன்னு அர்த்தம், அந்த ஆளத் தனியா ரோடு கிராஸ் பண்ண விடாதீங்க.

கே: கண்ணாடி மாத்தினா சரியாகுமா?

ப: ஆகாது. பவர் வேற, இது வேற.

கே: நான் பிசியோ. எல்லாத்தையும் இடது பக்கமே வைங்க, அப்பதான் திரும்புவாங்க.

ப: எல்லாத்தையுமா? ராத்திரி கூப்பிடற பெல்லையும் தண்ணியையும் அங்க வச்சா அவர் தாகத்தோட படுத்திருப்பார் சார்.

கே: அப்ப பிராக்டிஸ் எப்படி வரும்?

ப: பிராக்டிஸ் நேரத்துல இடது பக்கம், பக்கத்துல ஆள் இருக்கணும். அவசரத்துக்கு வேணுங்கறது வலது பக்கம்.

கே: வார்டுல அப்படிப் பிரிச்சு வைக்க யாருக்கு நேரம்?

ப: நர்ஸ் கிட்ட ஒரு வார்த்தை சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? டிவி, விசிட்டர் நாற்காலி ரெண்டையும் இடது பக்கம் போடுங்க, நானே கை தட்டறேன். பெல்லத் தொடாதீங்க.

கே: பேப்பர் படிக்கறப்ப வரியோட ஆரம்பத்த விட்டுடறாங்க.

ப: இடது மார்ஜின்ல சிவப்பு டேப் ஒட்டுங்க, அது கண்ல படற வரைக்கும் தேடிட்டு அப்புறம் படிக்கச் சொல்லுங்க.

கே: பாட்டிக்கு மாகுலா டீஜெனரேஷன் (நடுப் பார்வை மங்கற கண் நோய்), ஊசி போடலாமா?

ப: ரெட்டினா டாக்டரக் கேளுங்க. என் வேலை அடுப்படி: வெள்ளைத் தட்டுல தயிர்சாதம் வைக்காதீங்க, கருப்புத் தட்டு வாங்குங்க, படி ஓரத்துல மஞ்சள் டேப்.

கே: மாமா பைக் ஓட்டலாமா?

கே: கார்னா பரவாயில்லையா?

ப: ரெண்டு கேள்விக்கும் சேத்துச் சொல்றேன், ஃபீல்ட் டெஸ்ட் (பக்கவாட்டுல எவ்ளோ தெரியுதுன்னு பாக்கறது) எடுத்து டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ரெண்டு சக்கரமும் வேணாம், நாலு சக்கரமும் வேணாம். சாவிய வாங்கி வைங்க.

கே: நேத்துலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, கண்ணுக்குப் பேட்ச் ஒட்டலாமா?

ப: இங்க டைப் பண்ணிட்டிருக்காதீங்க, இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க.