விளையாட்டின் நிரலைத் திறந்து விடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கேரள எல்லையில் உள்ள வாளையார் செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த லாரிக்காரர்களைப் பற்றி ஒரு கதை விளையாட்டை, கோடாட் என்னும் விளையாட்டு உருவாக்கும் எஞ்சினில் தனியாளாகச் செய்திருக்கிறேன். இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் விற்க எண்ணம். ‘ஓப்பன் சோர்ஸ் ஆக்கு, நிரலை எல்லோருக்கும் திறந்து விடு’ என்கிறான் நண்பன். எவராவது எடுத்து விற்றுவிட்டால்?

பதில்: திறக்கலாம் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். முதலில் விற்பனைக்கு விடுங்கள். வரவு ஓய்ந்த பிறகு திறங்கள். கோடாட், எவரும் எடுத்துத் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் உங்கள் நிரலைத் திறக்கும் கட்டாயம் இல்லை. அதன் உரிமக் குறிப்பை விளையாட்டோடு சேர்த்தால் போதும்.

உங்கள் பயம் நியாயமானதுதான். வொல்ஃபயர் நிறுவனம் 2010-இல் ‘லுகாரு’ விளையாட்டின் நிரலை, மாற்றிப் பரப்புகிறவரும் நிரலைத் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்தது. அடுத்த ஆண்டே வேறொருவர் அதை மேக் ஆப் ஸ்டோரில் 1.99 டாலருக்குப் போட்டார். அசலின் விலை 9.99 டாலர். ஆனால் வொல்ஃபயர் நிரலை மட்டும்தான் பொதுவில் விட்டிருந்தது, படங்களை விற்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அந்தப் பிடி இருந்ததால்தான் புகார் கொடுக்க முடிந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். நிரலைத் தாருங்கள், படம், இசை, வசனம், விளையாட்டின் பெயர் உங்களிடமே இருக்கட்டும். 1993-இல் வந்த டூம் விளையாட்டின் நிரலை அதைச் செய்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-இல்தான் வெளியிட்டது, அதுவும் படங்களும் ஆட்டக் கட்டங்களும் இல்லாமல். அந்த நிரல் வெளியே வந்ததால்தான் புதுப்புதுக் கருவிகளில் டூம் இன்றும் ஓடுகிறது. உங்கள் லாரிகளும் அப்படி ஓட வேண்டும் என்பது என் ஆசை.

உரிமம் ஜிபிஎல் ஆக இருக்கட்டும். எம்ஐடி கொடுத்தால் எவரும் மாற்றி, மூடி வைத்து விற்கலாம். ஜிபிஎல்லும் விற்பதைத் தடுக்காது, ஆனால் விற்பவர் நிரலையும் கொடுத்தாக வேண்டும். மின்டஸ்ட்ரி என்ற விளையாட்டு ஜிபிஎல்லில் திறந்திருந்தும் ஸ்டீமில் விலைக்குப் போகிறதே என்பீர்கள். அதைத் திரும்பத் திரும்ப ஆடும் கூட்டம் இருக்கிறது. உங்களுடையது ஒருமுறை ஆடி முடிக்கும் கதை, அதனால்தான் முதலில் விற்பனை என்கிறேன்.

திறக்கும் நாளில் பழைய கிட் ரெப்போவை (நிரலையும் அதில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் இடம்) அப்படியே பொதுவில் வைக்காதீர்கள். கீஸ்டோர், ஏபிஐ கீ போன்ற ரகசியச் சாவிகளை அழித்திருந்தாலும் வரலாற்றில் அவை கிடக்கும். புது ரெப்போ தொடங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய படம், இசை போன்ற அசெட்டுகளையும், ஸ்டீமின் கருவித் தொகுப்பான ஸ்டீம்வொர்க்ஸ் எஸ்டிகேயையும் அதில் போடக் கூடாது. அவற்றைப் பிறருக்குத் தரும் உரிமை உங்களுக்கு இல்லை.

அப்புறம், நிரலைத் திறக்காமலே இன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. வசனங்களை மட்டும் தனி சிஎஸ்வி கோப்பில் (அட்டவணை போன்ற எளிய எழுத்துக் கோப்பு) எடுத்து வையுங்கள். கோடாட் அதை நேராகவே படிக்கும். வாளையாரில் ஓட்டுநர்கள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தால் மலையாள வரிகளைச் சரிசெய்து தருவார். ஆனால் அவர் எழுதும் வரிக்கு உரிமை அவருடையது. விளையாட்டில் பயன்படுத்தச் சம்மதம் என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.